பாலியல் துறையில் வேலை பார்க்க ஆசையா? முதலில் வாசலைத் தேர்ந்தெடுங்கள்

"செக்சாலஜி படிக்க எந்தக் காலேஜ்ல சேரணும்?" என்று கேட்டால் நேரான பதில் ஒன்றுதான். அப்படி ஒரு சீட்டே இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் அங்கீகரிக்கும் எம்.டி., எம்.எஸ். பிரிவுகளில் 'செக்சாலஜி' என்று தனியாக எதுவும் கிடையாது. ஆனாலும் இந்தத் துறையில் முழுநேரமாக வேலை பார்க்கிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். மனநல மருத்துவர், யூராலஜிஸ்ட், மகப்பேறு மருத்துவர், மருத்துவ உளவியலாளர், சமூகப் பணியாளர், பிசியோதெரபிஸ்ட், தொற்றுநோயியல் ஆய்வாளர், வரலாற்று மாணவர் என்று பல பேர். எல்லோருமே முதலில் வேறு பெயரில் ஒரு பட்டம் வாங்கி, அதன்மேல் பாலியல் அறிவைச் சேர்த்துக்கொண்டவர்கள்.

உலகத்திலும் இது இப்படித்தான் நடந்திருக்கிறது. 1940-களில் அமெரிக்கர்களின் பாலியல் வாழ்வைப் பற்றி ஆயிரக்கணக்கான பேரிடம் நேர்காணல் எடுத்த ஆல்ஃபிரட் கின்சி ஒரு விலங்கியல் பேராசிரியர். அதற்கு முன்பு வரை சிறு குளவிகளைச் சேகரித்து வகைப்படுத்திக்கொண்டிருந்தவர். பாலுறவின்போது உடம்பில் நடப்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்த வில்லியம் மாஸ்டர்ஸ் மகப்பேறு மருத்துவர். மும்பையில் எண்பது வயதில் நாளிதழில் பாலியல் கேள்வி-பதில் எழுத ஆரம்பித்து, தொண்ணூறு தாண்டியும் எழுதிய மகிந்தர் வத்சாவும் மகப்பேறு மருத்துவர்தான். தமிழ்த் தொலைக்காட்சியில் இந்தப் பேச்சை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்த மாத்ருபூதம் மனநல மருத்துவர்.

வீட்டில் "பாலியல் படிக்கப் போறேன்" என்றதும் விழுகிற மௌனத்துக்குப் பாதிக் காரணம் அந்தச் சொல்தான். செய்தித்தாளில் அது வந்தாலே கூடவே 'தொல்லை' என்றோ 'வன்கொடுமை' என்றோ ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். "சைக்காலஜி படிக்கிறேன்", "சோஷியல் ஒர்க் படிக்கிறேன்" என்று சொல்லுங்கள். அது மறைப்பது ஆகாது. முதல் ஐந்தாறு வருடம் நீங்கள் படிக்கப்போவது உண்மையிலேயே அதைத்தான்.

வாசலைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல், நாள் முழுக்க என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்பது. உடம்பைப் பரிசோதித்து மருந்து எழுத வேண்டுமா, உட்கார்ந்து பேச வேண்டுமா, ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்டு எண்ண வேண்டுமா, பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டுமா?

மருத்துவ வாசலில் நீளம் அதிகம். நீட் எழுதி எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, கடைசி ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணியும் சேர்த்து. பிறகு முதுநிலை நீட், மூன்று ஆண்டுப் படிப்பு. எம்.டி. மனநலம் என்றால் இடைவெளியில்லாமல் போனாலும் எட்டரை ஆண்டு. யூராலஜி என்றால் எம்.எஸ். பொது அறுவைக்குப் பிறகு இன்னும் மூன்று ஆண்டு எம்.சிஎச்.; மொத்தம் பதினொன்றரை. பால்வினை நோய்கள்மீது ஆர்வம் என்றால் தோல், பால்வினை, தொழுநோய் மூன்றும் சேர்ந்த எம்.டி. பெண்களின் வலி, வறட்சி, பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கல் என்றால் எம்.எஸ். மகப்பேறு. இதில் எது அகலமான வாசல் என்று கேட்டால் மனநலம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆசைக் குறைவு, விந்து முந்துதல், முதலிரவுப் பயம், மனச்சோர்வு மாத்திரையால் வரும் உச்சத் தடை, தம்பதிச் சண்டை எல்லாம் கடைசியில் அந்த மேஜைக்குத்தான் வருகின்றன.

ஆனால் மனநல முதுநிலையின் மூன்று ஆண்டில் பெரும்பங்கு மனச்சிதைவு, குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கே போய்விடும். பாலியல் மருத்துவம் தானாக வந்து மடியில் விழாது. ஆய்வேட்டுத் தலைப்பை முதலாண்டிலேயே பதிவு செய்ய வேண்டியிருக்கும். அப்போதே பாலியல் சார்ந்த ஒன்றை எடுத்தால் வழிகாட்டி, நோயாளிகள், வாசிப்பு எல்லாம் அந்தப் பக்கம் திரும்பும். சர்க்கரை நோயாளிகளின் பாலியல் குறைபாடு, மனநோய் மருந்து எடுக்கும் பெண்களின் ஆசை மாற்றம் மாதிரித் தலைப்புகள் எந்த அரசு மருத்துவமனையிலும் செய்யக்கூடியவை. படிப்பு முடித்தபின் ஐரோப்பியப் பாலியல் மருத்துவக் குழுவின் ஃபெலோஷிப் தேர்வு மருத்துவர்களுக்கு உண்டு. அது கூடுதல் தகுதிதான். இங்கே மருத்துவம் பார்க்கும் உரிமை எம்.பி.பி.எஸ்., எம்.டி. பதிவிலிருந்துதான் வருகிறது.

மருத்துவப் பட்டம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு காட்சி. நாற்பத்தாறு வயதுக்காரர் வந்து, "ஒரு மாத்திரை மட்டும் எழுதிக் குடுங்க சார்" என்கிறார். விறைப்புக் குறைவு ரத்தக்குழாய் அடைப்பின் முதல் அறிகுறியாக இருக்கலாம். கண்டுபிடிக்கப்படாத சர்க்கரையாக இருக்கலாம். எனவே முதலில் ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, தேவைப்பட்டால் டெஸ்டோஸ்டிரோன். இந்தக் கடைசிப் பரிசோதனைக்குக் காலையில் ரத்தம் எடுக்க வேண்டும். பகல் ஏற ஏற அதன் அளவு இறங்கும், மாலையில் எடுத்தால் இல்லாத குறை இருப்பதாகத் தெரியும். அப்புறம் அவர் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் மேஜைமேல் எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மருந்து எடுப்பவருக்கு, விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரை கொடுத்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு விழும். யாரிடமும் கேட்காமல் மருந்துக்கடையில் வாங்கிப் போடுகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். உளவியலாளராகப் போகிறவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மருத்துவரிடம் அனுப்பாமல் ஆறு வாரம் 'மனப் பதற்றம்' பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இழப்பு அந்த மனிதருக்கு.

இன்னொரு காட்சி. இருபத்திரண்டு வயதுப் பையன். "யூரின்ல விந்து போகுது, உடம்பு இளைச்சுப் போச்சு, ஞாபக மறதி." இதற்கு 'தாது சிண்ட்ரோம்' என்று 1960-ல் பெயர் வைத்தவர் இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக். சிறுநீர் கலங்கலாக இருப்பது பெரும்பாலும் உப்புப் படிவு. "ஒண்ணுமில்ல, போப்பா" என்று அனுப்பினால் அவன் நேரே லாட்ஜில் முகாம் போடும் வைத்தியரிடம் போவான். அவர் பயத்தை இரட்டிப்பாக்கி லேகியம் விற்பார். சிறுநீரைப் பரிசோதித்து, முடிவைக் கையில் கொடுத்து, விந்து எப்படி உண்டாகிறது என்று படம் வரைந்து காட்டி, கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்து, இரண்டு வாரத்தில் மறுபடி வரச்சொன்னால்தான் அது சிகிச்சை. இந்தப் பொறுமை இருக்கிறவர்களுக்கே இந்தத் துறை.

சித்த மருத்துவம் படிக்க நினைப்பவர்களும் உண்டு. அதுவும் நீட் வழியாகச் சேரும் ஐந்தரை ஆண்டுப் பட்டம். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் முதுநிலையும் நடத்துகிறது. எந்த மருத்துவ முறையில் படித்தாலும் 1954-ன் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம் நினைவிருக்கட்டும். பாலின்ப ஆற்றலைக் காப்போம், கூட்டுவோம் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. சுவரொட்டியும் செல்லாது, யூடியூப் முகப்புப் படமும் செல்லாது.

இனி உட்கார்ந்து பேசும் வேலை. இங்கேதான் தவறான முடிவுகள் அதிகம். ஆறு மாத ஆன்லைன் சான்றிதழ் ஒன்றை வாங்கி, 'செக்ஸ் தெரபிஸ்ட்' என்று பலகை மாட்டிவிடுகிறார்கள். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும்; பதிவானவருக்கு சி.ஆர்.ஆர். என்ற மத்தியப் பதிவேட்டு எண் உண்டு, யார் கேட்டாலும் காட்ட வேண்டியது அதுதான். இதுவரை அதற்கான வழக்கமான பாதை உளவியலில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி., பிறகு கவுன்சில் அங்கீகரித்த இரண்டாண்டு எம்.ஃபில். பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற இடங்களில் சேர நுழைவுத் தேர்வில் கடும் போட்டி. எம்.ஃபில். என்ற பட்டத்தையே யு.ஜி.சி. கைவிட்டுவிட்டது, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 சேர்க்கை வரை நீட்டிப்பு கொடுத்தது. அதன் இடத்தில் மறுவாழ்வுக் கவுன்சில் புதிய படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே சேரும் ஆண்டில், சேரும் கல்லூரியின் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளப் பட்டியலில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். கல்லூரியின் விளம்பரத்தாளை நம்பிக் கட்டாதீர்கள்.

இன்னொரு மாற்றம் பலருக்கும் இன்னும் எட்டவில்லை. 2021-ல் வந்த இணை மற்றும் நலவாழ்வுத் தொழில்முறையினர் தேசிய ஆணையச் சட்டத்துக்குள் (மறுவாழ்வுக் கவுன்சிலின் கீழ் வரும் மருத்துவ உளவியலாளர்கள் தவிர) உளவியலாளர்கள், மருத்துவச் சமூகப் பணியாளர்கள், எச்.ஐ.வி. ஆலோசகர்கள், குடும்ப நல ஆலோசகர்கள் எல்லோரும் வருகிறார்கள். அதையொட்டி, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலை, ஆன்லைன் முறையில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிடலாம் என்ற பழைய கணக்கு இனிமேல் எடுபடாது.

அறைக்குள் அந்த வேலை எப்படியிருக்கும்? கல்யாணமாகி எட்டு மாதம், "இன்னும் ஒண்ணு சேரலை" என்று ஒரு தம்பதி வருகிறார்கள். கூடவே மாமியார். முதல் வேலை மாமியாரை வெளியே உட்காரவைப்பது. பிறகு இருவரிடமும் தனித்தனியாக, கடைசியில் சேர்த்து. பெண்ணுக்கு வலி பற்றிய பயத்தில் யோனித் தசை தானாக இறுகிக்கொள்வது, ஆணுக்குத் தோற்றுப்போன பயத்தில் விறைப்பு போய்விடுவது, இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பது. பெரும்பாலும் கதை இதுதான். மகப்பேறு மருத்துவர் ஒருவர் உடல் காரணம் ஏதும் இல்லையென்று பார்த்துச் சொல்ல வேண்டும். பரிசோதனைக்கே பயப்படுகிற பெண்ணை முதல் நாளே பரிசோதிக்கக் கூடாது. அடுத்து, உறவை முற்றிலும் நிறுத்திவைக்கச் சொல்வது. இதைக் கேட்டதும் இருவர் முகத்திலும் தெரிகிற நிம்மதியே பாதி வைத்தியம். மாஸ்டர்ஸும் அவரோடு ஆய்வு செய்த வர்ஜீனியா ஜான்சனும் 1970-ல் விவரித்த தொடு உணர்வுப் பயிற்சி இங்கே பயன்படுகிறது: முதல் கட்டத்தில் மார்பு, பிறப்புறுப்பு தவிர்த்து மாறி மாறித் தொடுவது, என்ன உணர்கிறோம் என்று மட்டும் கவனிப்பது, எந்த இலக்கும் இல்லாமல். பெண்ணுக்குத் தனியாக, சுண்டுவிரல் பருமனிலிருந்து படிப்படியாகப் பெரிதாகும் விரிப்பான்களைக் கொண்டு இடுப்புத்தளப் பயிற்சி. அதைப் பெரும்பாலும் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பார்.

புத்தகத்தில் இல்லாத சிக்கல் வீட்டுக்குப் போனதும் வரும். இரண்டே அறை, சுவருக்கு அந்தப் பக்கம் மாமனார் தூங்குகிறார், தாழ்ப்பாள் சரியாக விழாது. வாரத்துக்கு மூன்று முறை அரை மணி நேரப் பயிற்சி என்று எழுதிக்கொடுத்தால் ஒன்றும் நடக்காது. "உங்க வீட்டுல கதவைச் சாத்திக்க எப்ப முடியும்?" என்று கேட்டு, ஞாயிறு காலை எல்லோரும் கோயிலுக்குப் போகும் நேரத்தையோ வேறு ஒன்றையோ சேர்ந்து தேடித்தான் திட்டம் போட வேண்டும். இப்படிப்பட்ட தம்பதிகளில் சிலரைச் சிகிச்சை எதுவுமில்லாமல் நேரே செயற்கைக் கருத்தரிப்புக்குக் கூட்டிப் போய்விடுகிறார்கள். குழந்தை வரலாம், ஆனால் பிரச்சினை அப்படியே இருக்கும். இடுப்புத்தளச் சிகிச்சை தெரிந்த பிசியோதெரபிஸ்ட்கள் நம்மிடம் மிகக் குறைவு. பிசியோதெரபி இளநிலையான பி.பி.டி. படிக்கிற யாருக்காவது இந்தத் துறைமேல் ஆர்வம் இருந்தால் முதுநிலையான எம்.பி.டி.யில் மகளிர் நலப் பிரிவை எடுங்கள். தேவை கண்ணுக்கெதிரே இருக்கிறது.

சமூகப் பணி வாசல் இவற்றையெல்லாம்விடச் சீக்கிரம் திறக்கும். ஏதாவது ஒரு பட்டம், பிறகு இரண்டாண்டு எம்.எஸ்.டபிள்யூ.; எழும்பூரில் 1952 முதல் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், லயோலா, இன்னும் பல கல்லூரிகள். மருத்துவ, மனநலச் சிறப்புப் பிரிவை எடுத்துக் களப்பயிற்சிக்கு எச்.ஐ.வி. பக்கம் போனால் நேரடி அனுபவம் கிடைக்கும். தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. ஆலோசனை மற்றும் பரிசோதனை மையத்துக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். அங்கே ஆலோசகரின் மேஜையில் ஒரு மரத்தாலான ஆண்குறி மாதிரி, ஆணுறைகள், பதிவேடு. பரிசோதனைக்கு முன் பேச வேண்டும், சம்மதம் வாங்க வேண்டும், முடிவை அவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. சட்டம் 2017 இவற்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. "நெகட்டிவ்" என்று வந்ததும் மகிழ்ச்சியாக அனுப்பிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. கடைசி ஆபத்தான உறவு எப்போது என்று கேட்டு, சாளரக் காலம் (தொற்றியும் பரிசோதனையில் தெரியாத ஆரம்ப நாட்கள்) முடிந்ததும் மறுபரிசோதனைக்குத் தேதி போட வேண்டும். "யாரோட? எப்போ? உறை போட்டீங்களா?" என்ற மூன்று கேள்வியையும் புருவம் உயராமல் கேட்கத் தெரிவதே இந்த வேலையின் அடிப்படை. இவை ஒப்பந்தப் பணியிடங்கள், சம்பளம் குறைவு என்பதையும் தெரிந்துகொண்டே போங்கள். இரண்டு ஆண்டு இருந்தால் வேறெங்கும் கிடைக்காத பயிற்சி கிடைக்கும். பத்து ஆண்டு இருக்கத் திட்டமிட வேண்டாம்.

வளரிளம் பருவத்தினரோடு வேலை செய்ய விரும்பினால், 2014-ல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கானது; அதிலும் ஆலோசகர் பணி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஒருங்கிணைந்த சேவை மையம், போக்சோ வழக்குகளில் குழந்தைக்குத் துணை நபர் என்று வேறு வேலைகளும் இருக்கின்றன. இவற்றுக்குப் போகிறவர்கள் முதல் நாளுக்கு முன்பே ஒரு சட்டத்தைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். போக்சோ சட்டம் 2012-ன்படி 18 வயதுக்குக் கீழே 'சம்மதம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. பதினேழு வயதுப் பெண் தன் காதலனோடு உறவு இருப்பதாக உங்களிடம் சொன்னால், பிரிவு 19-ன்படி நீங்கள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் பிரிவு 21-ன்படி ஆறு மாதம் வரை சிறை. அவள் எல்லாம் சொல்லி முடித்த பிறகு "இதை நான் சொல்லியாகணும்மா" என்றால் அது துரோகம். பேச்சைத் தொடங்குமுன்பே எதை ரகசியமாக வைப்பேன், எதை வைக்க முடியாது என்று எளிய தமிழில் சொல்லிவிட வேண்டும். இந்தச் சட்டம் காதல் விவகாரங்களில் சரியாக வேலை செய்கிறதா என்பது பெரிய விவாதம். அந்த விவாதம் முடியும் வரை இதுவே சட்டம்.

தன்பாலீர்ப்பாளர், திருநர் ஆகியோரோடு வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கும் எல்லைக்கோடு ஒன்று தெளிவாக இருக்கிறது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மருத்துவத்தால் 'மாற்றும்' முயற்சிகளைத் தடை செய்து உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. எனவே 'மாற்றித் தருகிறோம்' என்று சொல்லும் எந்த மையத்திலும் பயிற்சிக்குக்கூடச் சேராதீர்கள். அதே வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு 2022-ல் இவர்களைக் குறிக்கும் சொற்பட்டியல் ஒன்றையும் வெளியிட்டது. பதிவேட்டிலும் அறிக்கையிலும் அந்தச் சொற்களையே எழுதுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறாரோ, பேச்சில் அந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள். சென்னை, மதுரை அரசு மருத்துவமனைகளில் திருநர்களுக்கான சிகிச்சைப் பிரிவுகளில் மனநலம், ஹார்மோன், பிளாஸ்டிக் சர்ஜரி எனப் பல துறையினர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். மாணவப் பருவத்தில் ஒரு மாதமாவது அங்கே போய் நிற்பது நல்லது.

இனி ஆய்வு. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டது சென்னையில்தான், அதுவும் ஒரு முதுநிலை மாணவியின் ஆய்வேட்டுக்காக. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வைக்க இடமில்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, 1986-ல் வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப்போய்ப் பரிசோதித்தார். நல்ல கேள்வியும் பொருத்தமான வழிகாட்டியும் இருந்தால் ஒரு மாணவரின் ஆய்வேடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் ஊரிலேயே இருக்கும் சான்று.

எண்ணுவதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மும்பையில் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், 1956-லிருந்து இருக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வை நடத்துவது அவர்கள்தான். சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இரண்டாண்டு எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுநிலை நடத்துகிறது. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு நல்கை) கிடைத்தால் பிஎச்.டி.யின் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. 2023-லிருந்து இந்த அளவு.

பாலியல் ஆய்வில் தலைகீழாகப் போவது பெரும்பாலும் கேள்வித்தாளில்தான். ஆங்கிலக் கேள்வித்தாளை அப்படியே தமிழாக்கி, "கடந்த 12 மாதங்களில் எத்தனை பேருடன் உறவு வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டால் சொந்தக்காரர்களை எண்ணிச் சொல்கிறவர்கள் இருப்பார்கள். 'உடலுறவு' என்று எழுதினால் புரியும், ஆனால் வாய்வழி, கைவழி எதுவும் அதில் சேராது என்று பலர் நினைப்பார்கள். 'துணை' என்றால் கணவன், மனைவி மட்டும். எனவே கேள்வித்தாளை ஐந்தாறு பேரிடம் கொடுத்து, "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும், பிறகு ஆங்கிலம் தெரிந்த, மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். மதுரையில் சோதித்துவிட்டுக் கன்னியாகுமரிக்கு அப்படியே எடுத்துப் போகக் கூடாது. பெண்ணிடம் பெண் கேட்க வேண்டும், வீட்டுக் கூடத்தில் கேட்கக் கூடாது. ஹெட்ஃபோனில் கேள்வியைக் கேட்டு அவரே பொத்தானை அழுத்தும் முறையில் செய்தால், நேருக்கு நேர் சொல்லத் தயங்கும் விஷயங்களும் வரும்.

உங்கள் நிறுவனத்தின் ஆய்வு நெறிக்குழு அனுமதி இல்லாமல் ஒரு நேர்காணல்கூட எடுக்காதீர்கள்; பின்னால் அது ஆய்வேட்டில் சேராது. கையெழுத்திட்ட சம்மதப் படிவமே சில நேரம் ஆபத்து. பாலியல் தொழிலாளியின் பெயர் இருக்கும் ஒரே காகிதம் அதுவாகத்தான் இருக்கும். ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளில் எழுத்துச் சம்மதத்திலிருந்து விலக்கு கேட்க இடம் உண்டு. காரணத்தைத் தெளிவாக எழுதி, வாய்மொழிச் சம்மதத்தை எப்படிப் பதிவு செய்வோம் என்றும் சொல்லிக் கேளுங்கள். பதின்வயதினரைச் சேர்க்கும் ஆய்வு என்றால் போக்சோ வெளிப்பாடு வந்தால் என்ன செய்வோம் என்பதை விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். குழு முதலில் கேட்பது அதைத்தான்.

ஏடு புரட்டுகிறவர்களுக்கு வேலை ஏராளம், ஆள் குறைவு. 1882-லேயே சென்னையில், பிறப்புக் கட்டுப்பாட்டை வலியுறுத்திய மால்தூசியக் கழகம் இருந்தது. 1930-களின் குடிஅரசில் கர்ப்பத்தடை பற்றிய வாதங்கள் இருக்கின்றன. 1947-ன் தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் எழுதப்பட்டவை குவிந்து கிடக்கின்றன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தால் முனைவர் பட்டத்துக்கான கேள்வி ஒன்று கட்டாயம் அகப்படும். தமிழ் இலக்கிய முதுகலை, வரலாறு, மானுடவியல் எதிலிருந்தும் வரலாம். ஆனால் காமத்துப்பாலின் 250 குறளை மட்டும் வைத்துக்கொண்டு 'பண்டைத் தமிழரின் பாலியல்' என்று ஆய்வேடு எழுத வேண்டாம். இலக்கிய மரபு வேறு, மக்கள் நடத்தை வேறு.

குறுகிய காலப் படிப்புகள் கூடாது என்று சொல்லவில்லை. பாலியல் கல்வி, உரிமைகள் பற்றி வேலை செய்யும் டெல்லியின் தார்ஷி, கிரியா அமைப்புகள், மாரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவின் பால்புதுமையருக்கு (குயர்) இசைவான ஆலோசனைப் பயிற்சி எல்லாம் உண்மையான பாடம் நடத்துபவை. ஏற்கெனவே உரிமம் உள்ளவருக்கு இவை கூர்மை தரும். உரிமம் இல்லாதவருக்கு இவை உரிமம் தராது. அமெரிக்காவின் ஏசெக்ட் அமைப்பு பாலியல் சிகிச்சையாளர் சான்றிதழுக்கு 90 மணி நேர அடிப்படைப் பாடம், 60 மணி நேரச் சிகிச்சைப் பயிற்சி, 300 மணி நேர நேரடிச் சிகிச்சை, 50 மணி நேர மேற்பார்வை என்று கேட்கிறது. அங்கே போகாதவர்களும் இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். வார இறுதிச் சான்றிதழ் எவ்வளவு மெல்லியது என்று அப்போது புரியும்.

பிளஸ் ஒன்னில் இருக்கிறவர்கள் மருத்துவம் வேண்டுமென்றால் உயிரியல் பிரிவு. உளவியல், சமூகப் பணிக்குப் பல கல்லூரிகளில் எந்தப் பிரிவானாலும் சேரலாம். இளநிலையில் இருக்கிறவர்கள் புள்ளியியலை ஒழுங்காகப் படியுங்கள். பின்னால் ஏங்கவைக்கும் பாடம் அது. கோடை விடுமுறை இரண்டில் ஒன்றை மருத்துவமனையிலும் ஒன்றைத் தொண்டு நிறுவனத்திலும் கழியுங்கள். முதுநிலைக்கு வந்ததும் மேற்பார்வையாளர் ஒருவரைப் பிடியுங்கள், காசு கொடுத்தாவது.

முதல் பயிற்சி நாளிலிருந்தே ஒரு நோட்டு வைத்திருங்கள். தேதி, எத்தனை நிமிடம், எந்த வகைச் சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், மேற்பார்வையாளர் என்ன சொன்னார், அவர் கையெழுத்து. பிற்காலத்தில் எந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தாலும் மணிக் கணக்கு கேட்பார்கள். மூன்று வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அதில் பெயர் எழுதக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஊரையும் தொழிலையும் வயதையும் சேர்த்து எழுதினால் பெயர் எழுதியதற்குச் சமம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 'திருமணமானவர், முப்பதுகளில்' என்ற அளவில் நிறுத்துங்கள். நோட்டை ஹாஸ்டல் மேஜைமேல் வைக்காமல் பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள்.